ஊர் ஒன்று, நிறுவனங்கள் பல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிராமப்புற வறுமையைக் குறைக்கும் பணியில் அரசுத் துறைகள், வங்கிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை இணைந்து செயல்படுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் கிராமத்தில் ஒரு நிறுவனம் குழந்தைகள் நலத்துக்கும், இன்னொன்று கால்நடை வளர்ப்புக்கும், மூன்றாவது நிறுவனம் சேமிப்புக்கும் தனித்தனிக் குழுக்களை அமைத்திருக்கின்றன. மூன்றிலும் பெரும்பாலும் அதே பெண்கள்தான் இருக்கிறோம். மூன்று கூட்டங்கள், மூன்று பதிவேடுகள். இவர்கள் ஏன் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யக் கூடாது? (ஒரு சுயஉதவிக் குழுத் தலைவி)

பதில்: அவர்களைக் கேட்டால், சேர்ந்துதான் வேலை செய்கிறோம் என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்தில் ஓர் அரங்கில் கூடி, ஒருவர் செய்ததை மற்றவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டுக் கலைவதும் ஒத்துழைப்பு என்றே அறிக்கைகளில் பதிவாகிறது. அந்தக் கூட்டத்தால் உங்கள் ஊரில் ஒரு பதிவேடுகூடக் குறைவதில்லை என்பதுதான் நீங்கள் சுட்டிக்காட்டும் குறை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் மனத்தடை அன்று, பணம் வரும் வழிதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நிதி தனி நோக்கத்தோடு வருகிறது. ஆண்டு முடிவில் நிதி கொடுத்தவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை குழுக்களை அமைத்தீர்கள் என்பதுதான். ஏற்கெனவே இருந்த குழு ஒன்றை எவ்வளவு வலுப்படுத்தினீர்கள் என்று கேட்பவர் அரிது. இன்னொருவர் உருவாக்கிய குழுவில் போய் உட்கார்ந்து வேலை செய்தால், அதனால் விளையும் நன்மையை யார் கணக்கில் எழுதுவது என்ற சிக்கல் எழுகிறது. அரசுக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிறது, வெளிநாட்டு நன்கொடையாளருக்கு ஜனவரியில், வங்கிக்கோ ஒவ்வொரு காலாண்டும் ஓர் இலக்கு. இந்த நாள்காட்டிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை எவருடைய பொறுப்பிலும் இல்லாததால், அதன் சுமை கூட்டத்துக்கு வந்து போகும் பெண்களின் தலையில் இறங்குகிறது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரும் அந்த நேரத்துக்கு எந்தத் திட்டத்தின் வரவு செலவுப் பட்டியலிலும் ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை. ஒதுக்கியிருந்தால் மூன்று குழுக்கள் எப்போதோ ஒன்றாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

உண்மையான ஒத்துழைப்பை அடையாளம் காண நான் பார்ப்பது இரண்டு செய்திகளை. எல்லா நிறுவனங்களும் ஏழைக் குடும்பங்களின் ஒரே பட்டியலை வைத்து வேலை செய்கின்றனவா என்பது ஒன்று. கூட்டத்தைக் கூட்டுவது யார் என்பது மற்றொன்று: நிறுவனம் கூட்டி மக்கள் போகிறார்களா, மக்களின் அமைப்பு கூட்டி நிறுவனங்கள் வருகின்றனவா? பின்னது நடக்கும் இடங்களில் மற்றவை ஓரளவு தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

உங்கள் கையிலும் ஒரு வழி இருக்கிறது. கூட்டங்கள் மூன்றும் மாதத்தில் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதி, அதன் நகலை மூன்று நிறுவனங்களுக்கும் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்கள் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

கேள்வி: சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் 1950-களிலேயே நடத்தப்பட்டுத் தோல்வி கண்டது என்று பாடத்தில் படித்தேன். இன்று பேசப்படுவது அதே பழைய முயற்சியின் மறுபதிப்புதானே? (ஒரு முதுகலை மாணவர்)

பதில்: தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அமெரிக்கக் கட்டடக் கலைஞரும் நகரமைப்பாளருமான ஆல்பர்ட் மேயர், உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் 1948-இல் தொடங்கிய முன்னோடி முயற்சியின் அனுபவத்தைக் கொண்டு, 1952 அக்டோபர் 2 அன்று நாட்டின் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசின் உதவியும் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் அதற்கு இருந்தன. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி என்ற பெயரில் அது பரவலாக்கப்பட்டது. இன்றும் நாம் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலகம் அந்தக் காலத்தின் கொடைதான்.

நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அமைப்பிலேயே இருந்தது. வேளாண்மை, கால்நடை, சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளின் அலுவலர்கள் வட்டார அளவில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்கள் அனைவரின் செய்தியையும் கிராமத்துக்குக் கொண்டு செல்ல ஒரே ஒரு கிராம சேவகர் இருந்தார். ஆனால் துறைகள் தமக்குள் கூடிப் பேசி முடிவெடுத்தபின் மக்களிடம் உழைப்பும் பங்களிப்பும் கேட்கப்பட்டன. முடிவெடுக்கும் இடத்தில் மக்கள் இல்லை. உள்ளூர் முனைப்பைத் தூண்ட முடியவில்லை என்று, இத்திட்டத்தை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் கண்டறிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்ததும், 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் அது தொடங்கி வைக்கப்பட்டதும் அதனால்தான். ஒத்துழைப்பு மேலிருந்து பாதி வழி வரை வந்து நின்றுவிட்டது என்று சொல்வதே சரியான மதிப்பீடு.

அதே 1959-இல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் அக்தர் ஹமீத் கான் தலைமையில் இயங்கத் தொடங்கிய ஊரக வளர்ச்சிக் கழகம் இந்த வழியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. ஊருக்கு ஒரு சிறு கூட்டுறவுச் சங்கம், காவல் நிலைய எல்லைக்கு ஒரு கூட்டமைப்பு என்ற இரண்டடுக்கு ஏற்பாடு அங்கே உருவானது. துறை அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று உரையாற்றுவதற்குப் பதிலாக, சங்கத்தின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வாரந்தோறும் பயிற்சி மையத்துக்கு வந்து, கற்றதை ஊர்க் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தார். துறைகள் ஒத்துழைத்தாக வேண்டிய கட்டாயம், எதிரே ஒரு மக்கள் அமைப்பு வந்து நின்றதால் ஏற்பட்டது. அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: சங்கங்கள் நிலம் வைத்திருந்தவர்களுக்காக அமைந்தவை என்பதால், காலப்போக்கில் வசதியான விவசாயிகளின் கை ஓங்கியது, நிலமற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

கொமில்லாவின் பாடங்களை எடுத்துச் சென்றவர்களில் ஷுஐப் சுல்தான் கான் முக்கியமானவர். பாகிஸ்தானின் வடக்கு மலைப் பகுதியில், கில்கிட்டை மையமாகக் கொண்டு 1982-இல் தொடங்கிய ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டத்தை அவர் வழிநடத்தினார். ஊரார் முதலில் ஓர் அமைப்பாகச் சேர வேண்டும், தவறாமல் கூடிச் சேமிக்க வேண்டும், தங்களில் சிலரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். இவற்றுக்கு உடன்பட்டால், ஊரே கூடித் தேர்ந்தெடுக்கும் ஒரு கால்வாய்க்கோ பாதைக்கோ நிதி வரும். இன்று தெற்காசியாவில் மகளிர் குழு, கிராம அமைப்பு, கூட்டமைப்பு என்று அடுக்கடுக்காக அமையும் திட்டங்கள் பலவற்றில் இந்த முறையின் சாயலைக் காணலாம். எனவே மறுபதிப்பு என்பதைவிடத் திருத்திய பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் இன்னும் முடியவில்லை.

கேள்வி: எல்லா நிறுவனங்களும் பரம ஏழைகளுக்காகவே வேலை செய்வதாகச் சொல்கின்றன. ஆனால் கூட்டங்களில் அவர்களை நான் பார்ப்பதே இல்லை. அவர்களைக் கண்டறிவது எப்படி? கண்டறிந்தபின் என்ன செய்வது? (ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான். கூட்டத்துக்கு வர ஓய்வு நேரம் வேண்டும், சந்தா கட்டக் கையில் பணம் வேண்டும், எழுந்து பேசத் துணிவு வேண்டும். மூன்றும் இல்லாதவர்களைக் குழுவில் சேர்க்க மற்ற உறுப்பினர்களே தயங்குவார்கள், ஏனெனில் ஒருவர் தவணை தவறினால் சுமை எல்லோர் மேலும் விழும்.

கண்டறிவதற்கு வழக்கத்தில் இருக்கும் நல்ல முறை, ஊராரைக் கொண்டே வரிசைப்படுத்துவது. முதலில் தரையில் கோலமாவாலோ சாக்குக்கட்டியாலோ ஊரின் வரைபடம் வரையப்படுகிறது. வீட்டுக்கு ஓர் அட்டை எழுதப்படுகிறது. பிறகு அங்கிருப்போர் அந்த அட்டைகளை மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று குவியல்களாகப் பிரிக்கிறார்கள். ஓர் அட்டையைக் குவியல் மாற்றி வைக்கும்போது எழும் வாக்குவாதம்தான் இந்த முறையின் உயிர். ‘ஓட்டு வீடுதானே’ என்று ஒருவர் நடுத்தரத்தில் வைப்பார். ‘வீடு அப்பன் கட்டியது, இப்போது அங்கே சம்பாதிக்க ஆள் இல்லை’ என்று இன்னொருவர் எடுத்து மாற்றி வைப்பார். கணக்கெடுப்புப் படிவத்தில் இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இடமே கிடையாது.

இம்முறைக்கும் கண்ணில் படாத மூலைகள் உண்டு. அந்தப் பருவத்தில் பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கும் குடும்பத்துக்கு அட்டை எழுதப்படாமல் போகலாம். ஊரின் விளிம்பில் தனியாக வாழும் முதியவரின் பெயரை எவரும் சொல்லாமல் விடலாம். மாற்றுத்திறனாளி ஒருவர், வசதியான அண்ணன் வீட்டு அட்டைக்குள் மறைந்துவிடலாம். ஆகவே ஒரே கூட்டத்தில் முடிக்காமல், வெவ்வேறு தெருக்களில், பெண்களோடு தனியாகவும் செய்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் கிராம சபையில் உரக்கப் படித்து ஒப்புதல் பெறுவது அவசியம். தமிழ்நாட்டில் உலக வங்கியின் உதவியோடு 2005-இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில், மக்கள் நிலை ஆய்வு என்ற பெயரில் இப்படித்தான் பட்டியல் தயாரிக்கப்பட்டது. ஊர் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல் இருந்தால்தான், வங்கி தன் கணக்குப்படியும் தொண்டு நிறுவனம் தன் வசதிப்படியும் வேறு வேறு ஏழைகளைத் தேடாமல் இருக்கும்.

அடுத்து என்ன செய்வது என்பதற்குப் பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம் ஒரு விடை தந்தது. ஃபசலே ஹசன் ஆபேத் 1972-இல் நிறுவிய அந்த அமைப்பு, சிறுகடன் திட்டம் அடிமட்ட ஏழைகளைச் சென்றடையவில்லை என்பதைத் தன் அனுபவத்திலேயே கண்டபின், கடனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வரிசையில் சென்றது. ஆடு மாடு போன்ற ஒரு சொத்தை இலவசமாகக் கொடுப்பது, அது பலன் தரும் வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை அளிப்பது, பராமரிப்புப் பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, களப்பணியாளர் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்த்துப் பேசுவது ஆகியவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சேர்ந்தே நடக்கும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டோரிடையே இந்த முறை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2015-இல் வெளியாயின. உதவி நின்று ஓராண்டு ஆனபின்னும் பெரும்பாலான நாடுகளில் அக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் சொத்து தங்கவில்லை. அங்கே பல குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட கோழிகள் நோயில் மடிந்துவிட்டன.

அந்தக் கோழிகள்தான் நிறுவனங்கள் ஏன் சேர வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள மிகத் தெளிவான காரணம். கோழி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் போதும்; உரிய நேரத்தில் தடுப்பூசி போடக் கால்நடைத் துறை வேண்டும், கோழி சாகும்வரை காத்திராமல் முட்டை விற்ற காசைச் சேர்த்து வைக்க ஒரு கணக்கு வேண்டும், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் கோழியை விற்காமல் சமாளிக்கச் சுகாதார நிலையம் வேண்டும். இவற்றில் எது ஒன்று தவறினாலும் மற்றவர்கள் செய்த செலவும் வீணாகிறது.

கேள்வி: ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் கொடுக்கின்றன. இதுவும் ஒத்துழைப்பின் கணக்கில் சேருமா? (ஒரு முன்னாள் வங்கி அலுவலர்)

பதில்: கேள்வியில் உள்ள குத்தல் புரிகிறது. வங்கித் துறையில் இருந்தவர் என்பதால், நல்ல எடுத்துக்காட்டும் மோசமான எடுத்துக்காட்டும் ஒரே துறையிலிருந்து வந்தவை என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கர்நாடகத்தில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் 1980-களில் சிறு சேமிப்புக் குழுக்களை வளர்த்தன. தமிழ்நாட்டில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-இல், 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது. இதில் எவரும் மற்றவரின் வேலையைச் செய்ய முயலவில்லை என்பதுதான் சிறப்பு. தொண்டு நிறுவனம் குழுவை அமைத்துக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது. குழு சில மாதங்கள் சேமித்து, தனக்குள் உள்கடன் கொடுத்து வாங்கிப் பழகியது. வங்கிக் கிளை குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்த்துத் தரம் பிரித்துக் குழுவுக்குக் கடன் கொடுத்தது. அப்படிக் கொடுத்த கடனுக்கு ஈடாக நபார்டு அந்த வங்கிக்கு மறுநிதி அளித்தது. யாருக்கு எவ்வளவு என்ற முடிவு குழுவிடமே இருந்தது. ஈடு கேட்காமல் வங்கி கடன் கொடுக்க முடிந்தது, ஒருவரை ஒருவர் அறிந்த இருபது பேருக்குள் அந்த முடிவு நடந்ததால்தான்.

கெட்டது 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. அரசு வளர்த்த மகளிர் குழுக்கள் பரவியிருந்த அதே கிராமங்களில், சிறுகடன் நிறுவனங்களும் வேகமாக நுழைந்தன. குழு அமைப்பதற்கு ஆன உழைப்பை முன்னவர் செய்திருக்க, பின்னவருக்கு ஆயத்தமான வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். ஒரே குடும்பம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியது. யார் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பது கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் வந்தபின், அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கி நியமித்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அளித்த அறிக்கையில், ஒரு கடனாளிக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கடன் தகவல் நிறுவனங்களில் விவரங்களைப் பகிர்வதும் அதன்பின்தான் வழக்கமானது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்திருக்கக்கூடிய வேலையை, சட்டம் வந்து செய்ய வேண்டியதாயிற்று.

தங்கள் கேள்விக்கு நேர் விடை: சேராது. விவரத்தைப் பகிராமல் ஒரே வீட்டுக்குள் நான்கு பேர் நுழைவதற்குப் போட்டி என்றுதான் பெயர். அதன் விலையைக் கொடுப்பது அந்த வீடு.

கேள்வி: ஊர்க் குழுவிடம் பணத்தை ஒப்படைத்தால் ஊரின் பெரிய மனிதர்கள் அதை விழுங்கிவிட மாட்டார்களா? மக்கள் பங்கேற்பு இருந்தால் ஊழல் வராது என்கிறார்களே? (ஓர் ஊராட்சி உறுப்பினர்)

பதில்: பங்கேற்பு மட்டும் போதாது. இந்தோனேசியாவில் 1998-இல் தொடங்கிய கெசாமத்தான் (துணை மாவட்ட) வளர்ச்சித் திட்டம், கிராமங்களுக்கு நேரடியாக நிதி கொடுத்துச் சாலை போன்ற பணிகளை அவர்களே செய்ய வைத்தது. பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. போடப்பட்ட சாலைகளைப் பொறியாளர்கள் ஆங்காங்கே தோண்டி, உள்ளே எவ்வளவு கல்லும் மணலும் இருக்கின்றன என்று அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை உறுதியாக வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களில், காணாமல் போன செலவு ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு வீடு வீடாக அழைப்பு அனுப்பிய ஊர்களில் கூட்டம் சேர்ந்தது, ஆனால் ஒட்டுமொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. கூலியில் மட்டும் திருட்டு குறைந்தது, பொருளில் குறையவில்லை.

இந்த வேறுபாட்டை ஊராட்சியில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. கூலி குறைந்தால் வாங்கியவருக்கு அன்றே தெரியும். சாலைக்கு அடியில் மணல் குறைந்தது எந்த ஊராருக்கும் தெரியாது, முதல் மழை வரும் வரை. எனவே மக்கள் கண்ணால் காணக்கூடியதை மக்கள் சரிபார்க்கட்டும், காண முடியாததைத் தொழில் தெரிந்த வெளியார் சரிபார்க்கட்டும். ராஜஸ்தானில் உழைப்பாளர், உழவர் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் நடத்திய பொது விசாரணைகளில், வேலைக்கு வந்தவர்களின் பட்டியலை ஊர் நடுவே படித்துக் காட்டியபோது போலிப் பெயர்கள் வெளிப்பட்டன. அதற்குப் பொறியாளர் தேவைப்படவில்லை. 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியதில் அந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு. புது வாழ்வுத் திட்டத்திலும் செலவு செய்யும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் ஒன்றாகவும், அதைக் கண்காணிக்கும் சமூகத் தணிக்கைக் குழு வேறாகவும் வைக்கப்பட்டன.

பெரிய மனிதர்களைப் பற்றியும் ஒன்று. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சியரா லியோனில் நடந்த ஒரு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளியானது. ஊர்களில் கட்டடங்களும் வருமானமும் மேம்பட்டன. ஆனால் பெண்களும் இளைஞர்களும் முடிவெடுப்பதில் பங்கு பெறுவது, திட்டம் முடிந்தபின் முன்னைப் போலவே இருந்தது. குழுவில் இத்தனை பெண்கள் என்று விதி எழுதினால் ஊரின் அதிகாரம் மாறிவிடும் என்று நிறுவனங்கள் தரும் வாக்குறுதியை நான் நம்புவதில்லை. கிணறும் பாதையும் கிடைத்தால் அதுவே நல்லதுதான். அதை அதிகார மாற்றம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கேள்வி: ஏழைகளிடம் பங்களிப்புத் தொகை கேட்பது முறையா? (ஒரு வாசகர்)

பதில்: பொதுப் பணிக்கு ஊராகச் சேர்ந்து உழைப்பாகவோ பணமாகவோ தருவது வேறு, பரம ஏழைக் குடும்பத்திடம் தனியாக முன்பணம் கேட்பது வேறு. தென் கொரியாவில் 1970-இல் சேமாவுல் (புதிய கிராமம்) இயக்கம் தொடங்கியபோது, ஏறத்தாழ 33,000 கிராமங்களுக்கு, ஊருக்கு 335 மூட்டை சிமென்ட் கொடுத்து, என்ன கட்டுவது என்பதை ஊரிடம் விட்டார்கள். நன்றாகப் பயன்படுத்திய சுமார் பாதி ஊர்களுக்கு மட்டும் மறுமுறை 500 மூட்டையும் ஒரு டன் இரும்புக் கம்பியும் தந்தார்கள். உழைத்த ஊருக்கு மேலும் உதவி என்ற விதி வேலை செய்தது. ஆனால் அது ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சிக்கு வந்தவரின் கண்டிப்பான நிர்வாகத்தின் கீழ் நடந்தது, அதற்கு முன்பே நிலச் சீர்திருத்தமும் முடிந்திருந்தது. நிலம் சிலர் கையில் இருக்கும் ஊரில் அதே விதியை வைத்தால், கால்வாய்க்கு மண் சுமப்பவர் ஒருவராகவும் அதில் நீர் பாய்ச்சிக்கொள்பவர் இன்னொருவராகவும் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு கூட்டுறவு வங்கியும் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்க எண்ணியிருக்கிறோம். ஒப்பந்தத்தில் எவற்றை அவசியம் எழுத வேண்டும்? (ஒரு தொண்டு நிறுவன நிர்வாகி)

பதில்: நோக்கங்களை எல்லோரும் அழகாக எழுதிவிடுகிறார்கள். கேட்கத் தயங்கும் செய்திகளை எழுதுங்கள். முதல் தவணை நிதி தாமதமானால் களப்பணியாளரின் சம்பளத்தை அதுவரை யார் கொடுப்பது? இதுதான் பெரும்பாலான கூட்டு முயற்சிகள் முதலில் இடறும் இடம். வங்கி வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தைத் தொண்டு நிறுவனம் வேண்டும் என்று சொன்னால் முடிவு யாருடையது? ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த விதை பொய்த்துப் போனால் வாங்கிய கடனுக்கு என்ன வழி? இந்த மூன்றாவது கேள்விக்கு விடை எழுதாத ஒப்பந்தத்தில், நட்டம் முழுவதும் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத விவசாயியைச் சேர்கிறது.

நாள்காட்டியை விதைப்பிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். விதைப்புக்கு முன் விதை வந்து சேர வேண்டும், அதற்கு முன் கடன் ஒப்புதல் ஆக வேண்டும், அதற்கு முன் குழுவின் தீர்மானமும் ஆவணங்களும் வங்கிக்குப் போயிருக்க வேண்டும், அதற்கு முன் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போனால், வேலையை எந்த மாதம் தொடங்க வேண்டும் என்பது தெரியும்; அது பெரும்பாலும் உங்கள் நிதியாண்டு தொடங்கும் மாதமாக இருக்காது. அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

திரட்டும் விவரங்களின் ஒரு நகல் மக்களின் மொழியில் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதும், திட்டத்தில் வாங்கிய கருவிகள் கடைசியில் யாருக்குச் சேரும் என்பதும், ஒரு நிறுவனம் விலக விரும்பினால் எத்தனை மாதங்களுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று தரப்பு ஒப்பந்தமாக இதை எழுதாதீர்கள். மகளிர் கூட்டமைப்போ உழவர் அமைப்போ, பதிவு பெற்ற ஓர் ஊர் அமைப்பு நான்காவது தரப்பாகக் கையெழுத்திடட்டும். அப்படி ஓர் அமைப்பு இன்னும் இல்லையென்றால், முதல் ஆண்டின் வேலை அதை உருவாக்குவதுதான். பயனாளிகள் எண்ணிக்கையை இரண்டாம் ஆண்டிலிருந்து காட்டிக்கொள்ளலாம். நிதி கொடுப்பவர் இதற்கு முகம் சுளிப்பார். முதல் கூட்டத்திலேயே அவரிடம் பேசி முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: திட்டம் முடிந்து அலுவலகமும் மூடப்பட்டபின், எங்கள் கூட்டமைப்பின் கணக்காளருக்கு யார் சம்பளம் தருவது? (கூட்டமைப்பு ஒன்றின் செயலாளர்)

பதில்: உறுப்பினர்கள்தான் தர வேண்டும், அதற்கான பழக்கம் திட்டம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். குழுக்கள் கட்டும் ஆண்டுச் சந்தா, கடன் வழங்கும்போது பிடிக்கும் சிறு சேவைக் கட்டணம், வட்டியில் மிஞ்சுவது ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். திட்டத்தின் கடைசி ஆண்டில் அந்தத் தொகை கணக்காளரின் சம்பளத்தில் பாதியையாவது தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் உடனே புதிய நன்கொடையாளரைத் தேடிப் போகாமல், அருகிலுள்ள இரண்டு மூன்று கூட்டமைப்புகளோடு பேசி ஒரே கணக்காளரைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பேரேடுகள் நிலுவையில்லாமல் இருக்கும். ஆண்டுத் தணிக்கையை மட்டும் அவரிடமே விடாமல், வெளியிலிருந்து ஒரு பட்டயக் கணக்கரை அமர்த்தி, அந்தச் செலவைச் சந்தாவிலேயே சேர்த்து வசூலியுங்கள்.